ஏழாவது போர்ட்

தென்காசியில் ஷெர்லினைத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் அவளை அண்ணாந்துதான் பார்த்திருப்பார்கள். ஏணியின் மேல்படியில் நிற்பாள், இல்லையென்றால் ஃபால்ஸ் சீலிங் பலகையை ஒதுக்கிவிட்டுத் தலையை உள்ளே விட்டிருப்பாள். கீழே நிற்பவர் என்ன கேட்டாலும் உள்ளேயிருந்து "ம்" என்று மட்டும் பதில் வரும்.

வயது முப்பத்தெட்டு. பிறந்தது சுரண்டை. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு, தென்காசியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் கவுண்டரில் நின்றாள். நெட் வரவில்லை, கேமரா தெரியவில்லை என்று ஆட்கள் வருவார்கள். கடையிலிருந்து யாரையாவது அனுப்புவார்கள். போனவர் எதையாவது கழற்றி எதையாவது மாட்டிவிட்டு, "சரியாயிட்டு" என்று திரும்பி வருவார். பத்து நாளில் அதே ஆள் அதே புகாரோடு மறுபடியும் கவுண்டருக்கு வருவார். அவரிடம் பேச்சு வாங்குவது ஷெர்லின்தான். ஒருநாள் முதலாளியிடம், "நானே போய்ப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள். "ஏணி ஏறணும்மா," என்றார் அவர். "ஏறுதேன்," என்றாள்.

அதிலிருந்து நாலு வருடம் கழித்துக் கடையை விட்டு வெளியே வந்து, தனியாகத் தொழில் ஆரம்பித்தாள். செங்கோட்டைப் பள்ளிக்கூடம் ஒன்றில் விளையாட்டு ஆசிரியராக இருக்கும் அவள் கணவன் ஜஸ்டின், ஸ்கூட்டரில் ஏணி கட்டிப் போவதற்கு ஒரு இரும்புச் சட்டம் அடித்துக் கொடுத்தான். குற்றால லாட்ஜுகளில் கேமரா வேலை நிறையக் கிடைத்தது. சாரல் அடிக்கிற ஊரில் வயர் நுனிக்குள் தண்ணீர் இறங்கிப் பச்சையாகக் களிம்பு பிடிக்கும். குரங்குகள் தொங்கி இழுக்கும். இரண்டையும் சமாளிக்கப் பழகிக்கொண்டாள். ஒரு வேலையை முடித்தால் அது ஏன் கெட்டது என்று தெரியாமல் அங்கிருந்து கிளம்ப மாட்டாள். "இந்தம்மா வந்தா லேட்டாவும். ஆனா திரும்ப வர வேண்டியிருக்காது" என்று லாட்ஜ்காரர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு.

அப்படிப்பட்டவளை ஒரே வேலைக்கு மூன்று தடவை திரும்ப வர வைத்தது, குற்றாலம் ரோட்டில் இருக்கிற ஒரு ஸ்கேன் சென்டர்.

மார்ச் மாதம் அந்தக் கட்டடத்தைப் புதுப்பித்தார்கள். பழைய வயர்களை எல்லாம் எடுத்துவிட்டுப் புது வயர் இழுத்து, முதல் மாடியில் புது ஸ்விட்ச் வைத்துக் கொடுக்கிற வேலை ஷெர்லினுக்கு வந்தது. ஸ்விட்ச் என்றால் விளக்குப் போடுகிற சுவிட்ச் இல்லை. கட்டடத்திலுள்ள கம்ப்யூட்டர், பிரின்டர், ஸ்கேன் மிஷின் எல்லாவற்றின் வயரும் வந்து சேருகிற பெட்டி. வயர் சொருகுகிற ஒவ்வொரு துளைக்கும் போர்ட் என்று பேர். கீழ்த்தளத்தில் இருக்கும் சி.டி. ஸ்கேன் மிஷினின் வயரை அவள் ஏழாவது போர்ட்டில் சொருகினாள். விளக்கு எரிந்தது. எல்லாம் நன்றாக இருந்தது.

ஏப்ரலில் மானேஜர் குத்தாலிங்கம் கூப்பிட்டார். ஐம்பத்தைந்து வயது, கோபத்தைக்கூட நிதானமாகச் சொல்லுகிறவர்.

"ஏம்மா, சி.டி. படம் மேல டாக்டர் ரூமுக்குப் போறதுக்கு இருபது நிமிஷம் ஆவுதாம். முன்னாடி ஒரு நிமிஷத்துல போச்சு. மிஷின் கம்பெனிக்காரங்க கேபிள் ஃபால்ட்டுங்காங்க."

ஷெர்லின் போனாள். அந்த வயரைச் சோதனைக் கருவியில் போட்டுப் பார்த்தாள். உள்ளே இருக்கும் எட்டுக் கம்பியும் சரியாக இருந்தன. இருந்தாலும் புகார் வந்துவிட்டது என்பதற்காகப் புது வயர் இழுத்தாள். அதே இருபது நிமிஷம். மே மாதத்தில் திரும்பவும் கூப்பிட்டு, திரும்பவும் கேபிள்தான் என்றார்கள். வேறு வழியாக, வேறு கம்பெனி வயரை இழுத்தாள். அதே இருபது நிமிஷம். மிஷின் அறைச் சுவரில் அந்த வயர் வந்து முடியும் சாக்கெட்டில் தன் லேப்டாப்பைச் சொருகிப் படங்களை அனுப்பிப் பார்த்தாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் போனது. மிஷினைச் சொருகினால் மட்டும் ஊர்ந்தது.

இதைச் சொன்னபோது போனில் மிஷின் கம்பெனி இன்ஜினியர் ஆசிப், "மேடம், இதே செட்டிங்ல தமிழ்நாடு பூரா எங்க மிஷின் ஓடுது. உங்க சைடைப் பாருங்க," என்றான். சென்னை ஆபீசிலிருந்து பேசினான். பேச்சில் மரியாதை இருந்தது. சந்தேகம் மட்டும் துளியும் இல்லை.

ஜூன் மாதம் அருவி சீசன் ஆரம்பித்து ரோடு நிறைய வண்டிகள். ஒரு திங்கட்கிழமை மத்தியானம் புளியறை பக்கம் ஒரு லாரி கவிழ்ந்து, டிரைவர் பீர் மைதீனைத் தலையில் அடியோடு கொண்டுவந்தார்கள். ஸ்கேன் எடுத்தது நாலு நிமிஷம். படங்கள் மாடிக்கு வந்து, அங்கிருந்து திருநெல்வேலியில் இருக்கும் மூளை அறுவை டாக்டருக்குப் போக வேண்டும். படம் வரவில்லை. ஸ்கேன் பார்த்துச் சொல்லும் டாக்டர் மங்களேஸ்வரி மாடியிலிருந்து ஓடி இறங்கி, மிஷின் திரையிலேயே படத்தைப் பார்த்து, போனில் வாயால் சொல்லி, ஆம்புலன்ஸை அனுப்பினார். ஆம்புலன்ஸ் தென்காசியைத் தாண்டிய பிறகுதான் கடைசிப் படம் மாடிக்கு வந்து சேர்ந்தது.

பீர் மைதீன் பிழைத்துக்கொண்டார். மறுநாள் ஷெர்லினை வரச்சொல்லி டாக்டர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "அவர் பிழைச்சது நம்மளால இல்ல, ஷெர்லின்."

குத்தாலிங்கம் பக்கத்திலேயே நின்றார். "திருநெல்வேலியிலேருந்து வேற ஆளைக் கூப்பிடலாம்னு இருக்கோம்மா. தப்பா நெனைக்காத."

"அண்ணாச்சி, சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் எனக்கு டைம் குடுங்க," என்றாள் ஷெர்லின். "கேபிள் சரியா இருக்கு, அது எனக்குத் தெரியும். சரியில்லாதது எதுன்னுதான் தெரியல. அதைக் கண்டுபிடிக்காம நான் வேற எந்த வேலைக்கும் போகப்போறதில்ல."

சொன்னபடியே செய்தாள். மூன்று லாட்ஜ் வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டு, புதன்கிழமையும் வியாழக்கிழமையும் அந்தக் கட்டடத்திலேயே கிடந்தாள். போர்ட்டை மாற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப ஏழிலேயே சொருகினாள். ஸ்விட்சுக்குப் போகும் கரண்ட்டைச் சோதித்தாள். லிஃப்ட் மோட்டார் ஓடும்போது மட்டும் மெதுவாகிறதா என்று கடிகாரம் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் ஏணியை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை முதல் நோயாளி வருவதற்கு ஒரு மணி நேரம் இருந்தது. ஸ்விட்ச் பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, லேப்டாப்பை இணைத்து, ஸ்விட்சின் உள் பக்கங்களை ஒன்று விடாமல் திறந்து படித்தாள். இதுவரை அவள் அங்கே போனதில்லை. வெளியே விளக்கு எரிகிறது, படமும் மெதுவாகவாவது போகிறது, அப்புறம் உள்ளே பார்க்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டாள்.

போர்ட்டுகளின் பட்டியல் வந்தது. மற்ற எல்லாப் போர்ட்டுக்கும் எதிரே வேகம் 'ஆயிரம், ஃபுல்' என்று இருந்தது. ஏழாவதுக்கு எதிரே 'நூறு, ஹாஃப்' என்று இருந்தது.

ஷெர்லின் அந்த ஹாஃப் என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபுல் என்றால் ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் செய்யலாம், ஹாஃப் என்றால் ஒரு நேரம் ஒரு பக்கம்தான் என்று பாலிடெக்னிக்கில் பரீட்சைக்குப் படித்ததோடு சரி. இத்தனை வருடத்தில் அவள் போட்ட ஒரு வயரிலும் அதைப் பார்த்ததில்லை.

அதற்குக் கீழே, போகிற தகவலும் வருகிற தகவலும் மோதிக்கொள்வதை எண்ணுகிற ஒரு எண் இருந்தது. லட்சக்கணக்கில் ஓடியிருந்தது. அதைப் பூஜ்யமாக்கிவிட்டு, கீழே மிஷின் ஓட்டும் டெக்னீஷியன் சஃப்ரினைப் போனில் கூப்பிட்டாள். வடகரையிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் பெண். இந்த மூன்று மாதமும் படம் போகவில்லை என்று எல்லாரிடமும் திட்டு வாங்கியவள்.

"சஃப்ரின், ஆள் இல்லாம ஒரு டெஸ்ட் ஸ்கேன் எடுத்து மேல அனுப்ப முடியுமா?"

"அந்தத் தண்ணி டப்பாவை வச்சு எடுக்கலாம்க்கா. காலையில மிஷினைச் சரிபாக்க அதைத்தான் எடுப்போம்."

"எடு. நான் சொல்லும்போது அனுப்பு."

அனுப்பியதும் எண் ஏறியது. நூறு, எண்ணூறு, மூவாயிரம். "நிப்பாட்டு," என்றாள். எண் நின்றது. "அனுப்பு," என்றாள். மறுபடியும் ஏறியது. ஐந்து தடவை செய்து பார்த்து, ஐந்தையும் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டாள்.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. இதே மிஷின் மார்ச் வரைக்கும் ஒழுங்காகத்தானே இருந்தது?

மார்ச்சில் கழற்றிய பழைய ஸ்விட்ச் கீழப்புலியூரில் அவள் வீட்டு அலமாரியில் இருந்தது. நேரே வீட்டுக்குப் போய் அதற்குக் கரண்ட் கொடுத்தாள். அடியில் யாரோ பாஸ்வேர்டை எழுதி ஒட்டியிருந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தாள். ஸ்கேன் மிஷின் மாட்டியிருந்த போர்ட்டை மட்டும் முன்பு வேலை பார்த்த யாரோ, தானாக மாறாதபடி கையால் பூட்டி வைத்திருந்தார்கள்: வேகம் நூறு, ஃபுல். அப்படியென்றால் மிஷின் பக்கமும் அதே பூட்டுதான் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தவரை பிரச்சினை இல்லை. ஷெர்லின் பழைய பெட்டியைத் திறந்து பார்க்காமல் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டியிருக்கிறாள். புதியது யாரும் பூட்டாத ஸ்விட்ச்.

கேபிள் சரி. தப்பு அவளுடையது.

இதைச் சரிசெய்ய இரண்டு நிமிஷம் போதும். ஏழாவது போர்ட்டையும் அதேபோலப் பூட்டிவிட்டு, "கனெக்டர்ல சின்ன கோளாறு, மாத்திட்டேன்" என்று சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பன்னிரண்டு வருடமாக, "சரியாயிட்டு" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களைக் குறை சொல்லியே அவள் பேர் எடுத்திருந்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு, பழைய ஸ்விட்சை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு திரும்பவும் கிளம்பினாள்.

முதலில் ஏழாவது போர்ட்டை நூறு, ஃபுல் என்று பூட்டினாள். சஃப்ரினை அனுப்பச் சொன்னாள். முப்பத்தைந்து நொடியில் எல்லாப் படமும் மாடிக்கு வந்து சேர்ந்தது. சஃப்ரின் போனை வைத்தாள். மாடிப்படி ஏறி வந்து, திரையைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுப் போனாள்.

பிறகு ஷெர்லின் குத்தாலிங்கத்தையும் டாக்டரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, பழைய பெட்டியை மேஜைமேல் வைத்தாள்.

"வயரைச் சொருகின உடனே ரெண்டு முனையில இருக்கிற மிஷினும் ஒண்ணையொண்ணு விசாரிச்சுக்கிடும் மேடம். எனக்கு இன்ன இன்ன வேகம் வரும், அனுப்பிக்கிட்டே வாங்கவும் எனக்கு முடியும்னு ரெண்டும் சொல்லும். ரெண்டுக்கும் பொதுவா எது பெருசோ அதை எடுத்துக்கிடும். ஆயிரம் வேகம்னா, யார் தாளம் போடுதது, யார் அந்தத் தாளத்துக்கு ஓடுததுங்கிறதையும் அப்பவே பேசி முடிச்சிரும். இதெல்லாம் நாம ஒண்ணும் செய்யாமலே நடக்கும்."

"இங்க ஏன் நடக்கல?" என்று டாக்டர் கேட்டார்.

"நம்ம ஸ்கேன் மிஷினைப் பூட்டி வச்சிருக்காங்க. பூட்டின மிஷின் வாயைத் திறக்காது. ஸ்விட்ச் விசாரிக்குது, பதில் இல்ல. வர்ற சிக்னலை வச்சு வேகம் நூறுன்னு அதுவா கண்டுபிடிச்சிரும். ஆனா ஒரே நேரத்துல ரெண்டு பக்கமும் போகலாமா, ஒரு நேரம் ஒரு பக்கம்தானாங்கிறது சிக்னலைப் பாத்துத் தெரியாது. தெரியாதபோது ஒரு பக்கம்தான்னு எடுத்துக்கிடணும், அதுதான் விதி. அதுபடி ஸ்விட்ச் சரியாத்தான் நடந்திருக்கு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "புளியறை மலை ரோட்டு எஸ் வளைவு மாதிரி வச்சுக்கிடுங்க," என்றாள். "கீழேருந்து வர்றவன், அதான் நம்ம மிஷின், ரெட்டை ரோடுன்னு நெனச்சு நிக்காம வருதான். மேலேருந்து வர்றவன், அதான் ஸ்விட்ச், ஒத்தை ரோடுன்னு நெனச்சு, எதிர்ல வண்டியைப் பாத்தா மோதல்னு நிறுத்தி, பின்னால எடுத்து, திரும்ப வாரான். ஒண்ணு ரெண்டு வண்டின்னா தெரியாது. முந்நூறு படம் வரிசையா வந்தா இருபது நிமிஷம்."

குத்தாலிங்கம் பழைய பெட்டியைப் பார்த்தார். "அப்போ இதைக் கழத்தும்போதே..."

"பாத்திருக்கணும் அண்ணாச்சி. நான் பாக்கல. என் தப்புதான். ரெண்டு தடவை கேபிளை மாத்தினதும் வீண் வேலை."

குத்தாலிங்கத்துக்கு முகம் இறுகியது. "மூணு மாசம்," என்றார். டாக்டர் கேட்டார்: "இப்போ சரியாயிடுச்சு இல்லையா?"

"ஓடுது மேடம். சரியாகல. நாளைக்கு இந்த ஸ்விட்ச் கெட்டுப்போயி வேற ஒருத்தர் வந்து மாட்டினா, நான் செஞ்ச அதே தப்பைத்தான் செய்வார். ரெண்டு பக்கமும் பூட்டை எடுக்கணும். மிஷின் பக்கத்தை நான் தொட முடியாது, கம்பெனிதான் தொடணும்."

ஆசிப் ஒத்துக்கொள்ளவில்லை. பூட்டி வைப்பதுதான் கம்பெனி விதி என்றான். ஷெர்லின் ஐந்து வீடியோவையும் அனுப்பி, ஒரு கடிதம் எழுதினாள். பதில் இல்லை. மறுவாரம் அதையே திரும்ப அனுப்பினாள். ஆறு திங்கட்கிழமை தொடர்ந்து அனுப்பினாள். ஒவ்வொரு தடவையும் டாக்டரின் கையெழுத்தையும் வாங்கிச் சேர்த்தாள். "நாந்தான் தப்பு செஞ்சேன்னு முதல் வரியிலேயே எழுதியிருக்கேன் சார். ரெண்டாவது வரியை மட்டும் படிங்க," என்று ஒரு தடவை போனில் சொன்னாள்.

ஆகஸ்ட்டில் மிஷினை வருடாந்தரப் பராமரிப்புப் பார்க்க ஆசிப்பே வந்தான். பூர்வீகம் கடையநல்லூர் என்று தெரிந்ததும் சஃப்ரின் அவனுக்கு டீ வரவழைத்தாள். காலை பதினொரு மணி. வெளியே மூன்று பேர் ஸ்கேனுக்குக் காத்திருந்தார்கள். ஆசிப் மிஷினின் சர்வீஸ் திரையைத் திறந்து பூட்டை எடுத்தான். அதே நேரம் ஷெர்லின் மாடியில் ஏழாவது போர்ட்டின் பூட்டை எடுத்தாள்.

விளக்கு அணைந்தது. திரும்ப எரியவில்லை.

அரை நிமிஷம், ஒரு நிமிஷம். கீழேயிருந்து சஃப்ரின், "அக்கா, நெட்வொர்க் இல்லன்னு காட்டுது," என்றாள். ஷெர்லின் இறங்கி வந்தபோது ஆசிப், "இதுக்குத்தான் சொன்னேன்," என்றான். பழையபடி பூட்டுவதற்குக் கையை நீட்டினான். குத்தாலிங்கம் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அஞ்சு நிமிஷம், தம்பி," என்றாள் ஷெர்லின்.

விசாரிப்பு நடந்திருக்கிறது. இல்லையென்றால் பழையபடி நூறு, ஹாஃபாவது வந்திருக்கும். இரண்டும் பேசி ஆயிரம் என்று முடிவு செய்திருக்கின்றன. முடிவு செய்த பிறகு ஏன் எழுந்திருக்கவில்லை? பேசிக்கொள்ள நாலு கம்பி போதும். நூறு வேகத்துக்கும் நாலு போதும். ஆயிரத்துக்கு எட்டும் வேண்டும். எட்டுக் கம்பியும் சுவர் சாக்கெட் வரை சரியாக இருக்கிறது, அதை அவளே பலமுறை சோதித்திருக்கிறாள். சோதித்ததெல்லாம் சாக்கெட்டில், தன்னுடைய வயரைச் சொருகி. சாக்கெட்டிலிருந்து மிஷினுக்குப் போகும் வயரை அவள் தொட்டதே இல்லை. அது மிஷினோடு வந்தது.

"மிஷினோட பின் மூடியைக் கழத்துங்க," என்றாள்.

ஆசிப் தயங்கினான். பிறகு கழற்றினான். மூடிக்குள்ளிருந்து வந்த சாம்பல் நிற வயரின் நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். எட்டுப் பள்ளத்தில் நாலில் மட்டும் கம்பி இருந்தது. மிச்சம் நாலு காலி.

ஆசிப் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அதான் முதல்ல நிறுவினவங்க நூறுல பூட்டியிருக்காங்க," என்று மெதுவாகச் சொன்னான். "விளக்கு எரியலன்னு பூட்டியிருக்காங்க. வயரை யாரும் பாக்கல. அப்புறம் அதுவே விதி ஆயிடுச்சு."

ஷெர்லின் ஏற்கெனவே தரையில் உட்கார்ந்து புது வயரை அளந்து வெட்டிக்கொண்டிருந்தாள். எட்டுக் கம்பியையும் நிறம் பார்த்து வரிசைப்படுத்தி, இரண்டு நுனியிலும் கனெக்டர் வைத்து அழுத்தி, கருவியில் போட்டுப் பார்த்தாள். பிறகு சொருகினாள். மாடியிலிருந்து குத்தாலிங்கத்தின் குரல்தான் முதலில் கேட்டது. அவர் எப்போது படியேறினார் என்று யாரும் கவனிக்கவில்லை.

"பச்சை எரியுதும்மா. ஏழாவதுதானே? எரியுது."

தண்ணீர் டப்பாவின் படங்கள் ஆறு நொடியில் போயின. ஆசிப் இரண்டு தடவை அனுப்பிப் பார்த்தான். பிறகு தன் அறிக்கையில் புது செட்டிங்கையும் வயர் மாற்றியதையும் எழுதி, இந்த இடத்துக்கு இனி இதுதான் என்று கையெழுத்துப் போட்டான். கம்பெனி மொத்தத்துக்கும் விதியை மாற்ற அவனால் முடியாது, எழுதிப் பார்க்கிறேன் என்றான். "எழுதுங்க தம்பி. பதில் வரலன்னா திங்கக்கிழமை திங்கக்கிழமை எழுதுங்க," என்றாள் ஷெர்லின். அவன் சிரித்துவிட்டான்.

காத்திருந்த மூன்று பேரையும் சஃப்ரின் வரிசையாக உள்ளே கூப்பிட்டாள். ஸ்விட்ச் பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஷெர்லின் ஒரு தாளை ஒட்டினாள். ஒவ்வொரு போர்ட்டிலும் எது இருக்கிறது, எப்படி இருக்கிறது, யார் எப்போது மாற்றினார்கள் என்று தமிழில் எழுதியிருந்தாள். குத்தாலிங்கம் அதை முழுதும் வாசித்துவிட்டு, தன் போன் நம்பரையும் அடியில் எழுதச் சொன்னார்.

செப்டம்பரில் செங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து ஷெர்லினைக் கூப்பிட்டார்கள். டாக்டர் மங்களேஸ்வரி சொல்லிவிட்டிருந்தார். பழைய ஸ்விட்சுகளை எல்லாம் எடுத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும், இரண்டு நாளில் முடியுமா என்று கேட்டார் அங்கே பொறுப்பிலிருந்தவர்.

"இதுல எதையாவது யாராவது கையால பூட்டி வச்சிருக்காங்களா?" என்று ஷெர்லின் கேட்டாள்.

"அதெல்லாம் யாருக்குத் தெரியும். முந்தி பாத்தவர் வெளிநாடு போயிட்டார்."

"அப்போ நாலு நாள் ஆவும்," என்றாள் ஷெர்லின். ஏணியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, லேப்டாப்பை எடுத்துக்கொண்டு முதல் ஸ்விட்சுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.